தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு

தள்ளி உக்காருங்கக்கா, வெயிலு உங்க மூஞ்சியிலதான் அடிக்குது. இந்தப் பெஞ்சுல இங்கிட்டு ஓரந்தான் நெழலு. இன்டர்வியூவுக்கு உள்ள போயிருக்கிறது உங்க பிள்ளையா? பச்சச் சுடிதாரு போட்டுக்கிட்டு, போறப்ப ரெண்டு தடவ உங்களத் திரும்பிப் பாத்துச்சே, அதுவா? நல்ல பிள்ள. கவலைப்படாதீங்க. பயந்த பிள்ளைகள ஒண்ணும் பண்ண மாட்டாங்க, பயப்படாம வந்தவளத்தான் போட்டு வறுப்பாங்க. என்னைய வறுத்த வாசம் இன்னும் உங்களுக்கு வரலையா?

நான் யாரக் கூட்டியாந்தேன்னு கேக்குறீங்களாக்கும். காலையிலருந்து நீங்க அஞ்சாவது ஆளு. வாட்ச்மேன் கேட்டாரு, ஆபீசுல கேட்டாங்க, டீக்கடைக்காரரு கேட்டாரு, பாத்ரூம்ல ஒரு பிள்ள, "ஆன்ட்டி, உங்க பொண்ணு என்ன ரேங்க்"னு கேக்குது. நான் யாரையும் கூட்டியாரல. பரீட்ச எழுதினது நான்தான். நர்சிங்குக்கு. நானேதான். சிரிங்க, பரவால்ல, எனக்குப் பழகிப்போச்சு.

வயசு முப்பத்தி நாலு. வர்ற ஆவணியில முப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்களாம். அதனால எனக்கு இந்த ஒரு வருசந்தான். உங்க பிள்ளைக்கு இங்க கெடைக்கலேன்னா வேற காலேஜு, இந்த வருசம் இல்லேன்னா அடுத்த வருசம். எனக்கு இந்தக் கதவு சாத்துனா சாத்துனதுதான்.

எதுக்கு இந்த வயசுலன்னு கேக்க வர்றீங்க. கேளுங்க, சொல்றேன். எங்க வீட்டுக்காரரும் அதான் கேட்டாரு, எங்க நாத்தனாரும் கேட்டா. அவ கேட்ட தினுசு வேற, அத விடுங்க.

நான் பதினோரு வருசமா நர்சுதாங்க்கா. எங்க ஊருப் பக்கம் ஒரு தனியாரு ஆஸ்பத்திரி, பேரு எதுக்கு, இருபத்தி ரெண்டு பெட்டு. கூட்டித் துடைக்கத்தான் போனேன். ப்ளஸ் டூ சயின்சு குரூப்பு பாசு பண்ணிட்டு, கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு, சும்மா கெடக்கோமேன்னு போனேன். மூணாவது மாசம், படிச்ச நர்சு ரெண்டு பேரு கேரளாவுக்குப் போயிட்டாளுக. பெரிய டாக்டரு என்னையக் கூப்பிட்டாரு. "நீ கொஞ்சம் படிச்சவ மாதிரி இருக்க, இந்தக் கோட்டப் போடு"ன்னாரு. வெள்ளக் கோட்டு. பேரு என்னன்னாரு. ஒச்சம்மான்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க. "ஒச்சம்மான்னு கூப்பிட்டா பேசன்ட் எந்திரிச்சு ஓடிருவான். இன்னைலருந்து நீ உமா. உமா சிஸ்டர்." கல்யாணத்துக்குக்கூட நான் பேர மாத்தல. அந்தக் கோட்டுக்கு மாத்திக்கிட்டேன்.

அன்னைலருந்து உமா சிஸ்டர்தான். ஊசி போட ஆரஞ்சுப் பழத்துல குத்திப் பழகுனேன். ட்ரிப்சு ஏத்துறது, தையலு பிரிக்கிறது, பிரசவத்துக்கு நிக்கிறது எல்லாம். நரம்பே கெடைக்காத கெழவங்களுக்கு என்னையத்தான் கூப்பிடுவாங்க. ஒரு குத்துல ஏத்திருவேன். எத்தன பிள்ளைக பொறந்தவுடனே மொதல்ல பாத்த மூஞ்சி என் மூஞ்சி. கடத்தெருவுல போனா, "சிஸ்டர், நல்லாருக்கீங்களா"ன்னு பஸ்ச நிறுத்திக் கேப்பாங்க. நான் ஒண்ணும் ஆள ஏமாத்தலக்கா. வேல தெரியும். பேப்பருதான் இல்ல.

இதுல ஒண்ணு சொல்லணும். இது எல்லா ஊர்லயும் உள்ளதுதான், எங்கள மட்டும் சொல்லாதீங்க. டாக்டரு ஏழு மணிக்கு ரவுண்ட்சு வருவாரு. அதுக்குள்ள எல்லாப் பெட்டுலயும் சார்ட்டு நெறைஞ்சு தொங்கணும். காச்சல் எவ்வளவு, நாடி எவ்வளவு, பிபி எவ்வளவுன்னு. இருபத்தி ரெண்டு பெட்டு. நாங்க ரெண்டு பேரு. தெர்மாமீட்டரு ரெண்டு, அதுல ஒண்ணு உடைஞ்சது. ஒவ்வொருத்தரு கக்கத்துலயும் வச்சு எடுத்துப் பாத்துக்கிட்டிருந்தா மத்தியானம் ஆயிரும். அதுக்கெடையில பெட்பேன் வைக்கணும், ட்ரிப்சு மாத்தணும், அழுகுற பிள்ளையப் பாக்கணும். அதனால என்ன செய்வோம், கடகடன்னு தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு போட்டுக்கிட்டே போவோம். நார்மலு. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி இருந்தா டாக்டரு கண்டுபிடிச்சிருவாருன்னு, அங்கங்க ஒரு தொண்ணூத்தெட்டு ஆறு, ஒரு தொண்ணூத்தொம்போது. கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரிதான். எனக்குச் சொல்லிக் குடுத்ததே அங்க எனக்கு முன்னாடி இருந்த நர்சு, படிச்ச நர்சு. டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். அவருக்கு சார்ட்டு நெறைஞ்சிருந்தா போதும்.

அப்படியே ஓடிக்கிட்டிருந்துச்சு. போன வருசம் ஐப்பசியில வனரோஜான்னு ஒரு பிள்ள வந்துச்சு. தலப்பிரசவம், ஆபரேசன் பண்ணித்தான் எடுத்தாங்க, பொம்பளப் பிள்ள. மூணாம் நாளு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பிச்சிருச்சு. உள்ளுக்குள்ள சீழு. மதுரைக்கு ஏத்திக்கிட்டு ஓடுனாங்க. உசுரு தப்பிச்சது, கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. இருவத்தி ரெண்டு வயசு. அவ சார்ட்ட எடுத்துப் பாத்தா, மூணு நாளும் காலையில தொண்ணூத்தெட்டு நாலு. என் கையெழுத்து. நான் எப்பவும் போல எழுதுனேங்க்கா, எனக்கு என்ன தெரியும்? டாக்டரு மூணு நாளும் அந்தப் பிள்ளைய வந்து பாத்தாருல்ல? அவருக்குக் கண்ணு இல்லையா?

ரெண்டு நாளு கழிச்சு அவ புருசனும் சொந்தக்காரங்களும் ஒரு வேன் நெறையா வந்து எறங்கிட்டாங்க. கண்ணாடிய ஒடைக்கிறாங்க. டாக்டரு வெளிய வந்து கையெடுத்துக் கும்புட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "எழுதினது நர்சு இல்லீங்க. அது ஆயா. படிக்காத ஆயா. தெரியாம எழுதிருச்சு."

பதினோரு வருசம்க்கா. உமா சிஸ்டர், உமா சிஸ்டர்னு வாய் நெறையாக் கூப்பிட்ட ஆளு. அம்புட்டுக் கூட்டத்துக்கு நடுவுல ஒரே நிமிசத்துல ஆயாவாக்கிட்டாரு. ஆயா வேல மட்டமுன்னு சொல்லல, நானும் கூட்டிப் பெருக்குனவதான். ஆனா நல்லதுக்கு நான் சிஸ்டரு, கெட்டதுக்கு ஆயாவா? மறுநாளு வெள்ளக் கோட்ட வாங்கி வச்சுக்கிட்டு ஆயாக்க கட்டுற ஊதாச் சேலையக் குடுத்தாரு. வேலையவிட்டு நிறுத்தல. நிறுத்துனா வெளிய போயி வாயத் திறப்பேன்ல. கக்கூசு பக்கம் போட்டாரு.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கல. எங்க வீட்டுக்காரரு அழகுமலை டீ மாஸ்டரு, நாலு ஊரு ஞாயம் பேசுற ஆளு. "விடு, வேற ஆஸ்பத்திரி பாப்போம்"ன்னாரு. நான் சொன்னேன், வேற ஆஸ்பத்திரின்னா வேற கோட்டு, அம்புட்டுத்தானே? அவன் குடுப்பான், அவன் கழட்டுவான். நான் பேப்பரோட வர்றேன். நெசமான சிஸ்டரா வர்றேன். அப்புறம் எவன் என்னைய ஆயான்னு சொல்றான் பாப்போம்.

அப்பத்தான் இந்த மிசன் நர்சிங் ஸ்கூலு நோட்டீசு பாத்தேன். மார்க்கு மட்டும் பாக்காம, அவங்களே ஒரு பரீட்ச வச்சு எடுக்குறாங்கன்னு. ஒரு கைடு வாங்குனேன், தலகாணி கனம். அட்டைக்கு மேல காலண்டரு தாளச் சுத்தி ஆஸ்பத்திரிக்கே எடுத்துட்டுப் போனேன். கழுவி விட்ட தரை காயுற வரைக்கும் வாளியக் கவுத்துப் போட்டு அதுமேல உக்காந்து படிச்சேன். மத்த பொம்பளைக, "என்னடி, கக்கூசுல கலெக்டருக்குப் படிக்கிற"ன்னு கேலி பண்ணுவாளுக. பண்ணுங்கடி, நாளைக்கு உங்க பேத்திக்கு ஊசி போட நான்தான் வருவேன்னு சொல்லிட்டு, பக்கத்தத் திருப்புவேன்.

வீட்டுல அவரு கேள்வி கேப்பாரு. இங்கிலீசுல இருக்கிறத அவரு வாசிக்கிற அழகு இருக்கே, சிரிச்சுச் சிரிச்சே பாதி மறந்துரும். "இருதயத்துக்கு எத்தன ரூமு?"ம்பாரு. "நாலுங்க"ம்பேன். "நமக்கு ரெண்டுதான்டி, அதுலயும் ஒண்ணு ஒழுகுது"ம்பாரு. சீட்டு கெடச்சா மூணு வருசம் ஹாஸ்டலு. பிள்ளைக ரெண்டையும் நீங்கதான் பாக்கணும்னேன். "டீய ஊத்தியே வளத்துருறேன், நீ போ"ன்னாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனுசன்.

ஆனா கைடு எழுதினவன் ஒருத்தனும் ஆஸ்பத்திரிய எட்டிப் பாத்தவன் இல்லக்கா. ஒரு கேள்வி, ஒருத்தர் மயங்கி விழுந்தா மொதல்ல என்ன செய்யணும். நாலு பதிலு குடுத்திருக்கான். மூச்சப் பாக்கணும், நாடியப் பாக்கணும், காலத் தூக்கி வைக்கணும், ஆளக் கூப்பிடணும். ஏன்யா, மொதல்ல சொந்தக்காரங்கள வெளிய தள்ளணும்ல? சுத்தி நின்னு ஒப்பாரி வச்சா எவன் மூச்சப் பாக்குறது? அந்தப் பதிலே இல்ல. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நாலையும் அடிச்சுட்டு அஞ்சாவதா நானே எழுதி வச்சேன். அப்புறம் அவருதான் சொன்னாரு, "உனக்குத் தெரிஞ்சத எழுதுற பரீட்ச இல்லடி இது, அவனுக்குத் தெரிஞ்சத எழுதுற பரீட்ச." அந்த வார்த்தையப் பிடிச்சுக்கிட்டேன். அன்னைலருந்து மனப்பாடந்தான்.

பரீட்ச அன்னைக்கு ஹால்ல போயி என் நம்பர் பெஞ்சுல உக்காந்தேன். ஒரு டீச்சரம்மா வந்து, "பேரன்ட்ஸ் எல்லாம் வெளிய போங்க"ன்னாங்க. நான் அசையல. திரும்பவும் சொன்னாங்க. ஹால் டிக்கெட்ட எடுத்து அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன். போட்டோவையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்குறாங்க. சுத்திலும் பிள்ளைக கிளுகிளுன்னு சிரிக்குதுக. சிரிங்கடான்னு விட்டுட்டேன். வட்டத்தக் கருப்பாக்குற பரீட்ச. நூறு கேள்வியில எட்டுத்தான் விட்டேன். ஆயிரத்துச் சொச்சம் பேருல நான் பதினோராவது. லிஸ்டுல 'ஒச்சம்மா'ன்னு போட்டிருந்தாங்க. நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், இந்தா பாருங்க. டாக்டருக்கு இத அனுப்பணும்னு கையி துடிச்சுச்சு. சீட்டு கெடைக்கட்டும்னு வச்சிருக்கேன்.

இன்னைக்கு உள்ள போனதச் சொல்றேன். உங்க பிள்ளைக்கு இதெல்லாம் இருக்காது, பயப்படாதீங்க. நான் ஆஸ்பத்திரியில வேல பாக்குறவன்னு பாரத்துல எழுதியிருந்தேன்ல, அதனால எனக்கு மட்டும் செஞ்சு காட்டச் சொன்னாங்க. பிரின்சிபால் அம்மா, வெள்ளச் சேலை, நரச்ச தல, சத்தமே போடாமப் பேசுற ரகம். "வாங்க ஒச்சம்மா, உக்காருங்க"ன்னாங்க. எத்தன வருசம் ஆச்சுக்கா, வேல பாக்குற எடத்துல என்னைய அந்தப் பேரச் சொல்லி, வாங்கன்னு கூப்பிட்டு.

ஒரு கட்டிலு. அதுல ஸ்கூல்ல படிக்கிற பிள்ள ஒண்ணு நோயாளி மாதிரி படுத்திருக்கு. ஆள எந்திரிக்க விடாம விரிப்ப மாத்தச் சொன்னாங்க. மாத்துனேன். மூலைய மடிச்சு இழுத்தேன் பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல. கூட இருந்த டீச்சரு, "அருமை"ன்னே சொல்லிட்டாங்க. எனக்குத் தல நிமிந்துருச்சு. அப்புறம் ஒரு தெர்மாமீட்டரு, கண்ணாடியில உள்ளது, ஒரு சார்ட்டு. டெம்பரேச்சர் பாத்து எழுதுங்கன்னாங்க. இம்புட்டுத்தானா, இதுக்காடா கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன். பிள்ளையோட நெத்தியத் தொட்டேன், தெர்மாமீட்டர கக்கத்துல வச்சேன், "எந்த ஊரு தாயி"ன்னு அதுகிட்டப் பேச்சக் குடுத்தேன். பேசிக்கிட்டே சார்ட்ட எடுத்து எழுதிட்டேன்.

தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு.

தெர்மாமீட்டரு இன்னும் கக்கத்துலதான் இருக்கு.

நான் எழுதலக்கா, கை எழுதிருச்சு. பிரின்சிபால் அம்மா எந்திரிச்சு வந்து தெர்மாமீட்டர எடுத்து என் கையில குடுத்தாங்க. பாக்குறேன், நூத்தி மூணு நிக்குது. வெந்நீருல முக்கி ஏத்தி, உதறாமக் குடுத்திருக்காங்க. வைக்கிறதுக்கு முன்னாடி பாத்து, பாதரசத்த உதறிக் கீழ எறக்குறேனான்னு பாக்கத்தான். "நீங்க உதறவும் இல்ல, எடுத்துப் பாக்கவும் இல்ல. இந்தத் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு எங்கருந்து வந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

வேற ஒருத்தின்னா மன்னிச்சிருங்கன்னு கால்ல விழுந்திருப்பா. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏமாத்துறதுக்குன்னே ஒரு தெர்மாமீட்டரக் குடுத்துட்டு என்னையக் கேக்குறீங்களேன்னு. சொன்னேன், "மேடம், இந்தப் பிள்ளைக்குக் காச்சல் இல்ல. நான் நெத்தியத் தொட்டுத்தான் எழுதுனேன். பதினோரு வருசமாத் தொட்ட கையி. நூத்தி மூணு இருந்தா என் கைக்குத் தெரியாதா? உங்க தெர்மாமீட்டரு பொய் சொல்லும், என் கை பொய் சொல்லாது." நல்லாத்தான் சொன்னேன்ல? அந்த டீச்சரு தலையக்கூட ஆட்டுனாங்க.

பிரின்சிபால் அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. தொடச்சுக்கிட்டே கேட்டாங்க, "நம்புறேன். உங்க கைக்குத் தெரியும். அப்ப, கைக்குக் காச்சல்னு தெரிஞ்சும் நார்மல்னு எழுதினது ஒண்ணுகூட இல்லையா?"

சும்மாதான் கேட்டாங்க. என்னையப் பாத்துக்கூடக் கேக்கல. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

உங்ககிட்ட முன்னாடி என்ன சொன்னேன், எப்பவும் போல எழுதுனேன், எனக்கு என்ன தெரியும்னு சொன்னேன்ல. வீட்டுக்காரருகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். அது இல்லக்கா. ரெண்டாம் நாளு காலையில அந்த வனரோஜாவ உடம்பு துடைக்க எழுப்புனேன். நெத்தியில கை வச்சேன். கொதிச்சுது. தோசக்கல்லத் தொட்ட மாதிரி வெடுக்குன்னு கைய எடுத்தேன். "அக்கா, குளுருதுக்கா"ன்னுச்சு. போர்வையக் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டேன். வெந்நி குடுத்தேன். பிள்ளைய எடுத்துப் பக்கத்துல போட்டேன். எல்லாம் செஞ்சேன். செஞ்சுட்டு, சார்ட்டுல தொண்ணூத்தெட்டு நாலுன்னு எழுதுனேன்.

ஏன்னா, காச்சல்னு எழுதுனா டாக்டரு, "எப்ப வந்துச்சு, ஏன் அப்பவே கூப்பிடல"ன்னு எல்லாத்துக்கும் முன்னாடி கத்துவாரு. ரவுண்ட்சுல வாயால சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அவரு சார்ட்டப் பாத்தாரு, "நார்மல், குட்"னுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. நான் பின்னாடியே ட்ரேயத் தூக்கிக்கிட்டுப் போனேன். வாயத் திறக்கல. மறுநாளும் தொட்டேன். மறுநாளும் அதையேதான் எழுதுனேன்.

இதையெல்லாம் அந்த அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அந்தப் பிள்ள கட்டில்ல படுத்துக்கிட்டே கேக்குது. டீச்சரு எங்கிட்டோ பாக்குறாங்க. அழுகல நான். அழுதா மன்னிச்சிருவாங்கன்னு அழுகுறான்னு நெனப்பாங்க. நின்னுக்கிட்டேதான் சொன்னேன்.

பிரின்சிபால் அம்மா கேட்டாங்க, அந்தப் பொண்ணு கேசு என்னாச்சுன்னு. என்ன ஆகும்? அவ புருசன் மனு போட்டான். விசாரிக்க ஆளு வந்தாங்க. கூட்டத்துக்கு முன்னாடி ஆயா தப்பா எழுதிட்டான்னு சொன்ன அதே டாக்டரு, விசாரணைக்கு வந்தவங்ககிட்ட, "சார்ட்டு கரெக்டு, எங்ககிட்ட இருந்த வரைக்கும் காச்சலே இல்ல, வழியிலதான் வந்திருக்கு"ன்னுட்டாரு. என்னையக் கூப்பிட்டுக் கேட்டாங்க. நான் ஆமான்னு தலையாட்டுனேன். அதோட அப்படியே கெடக்கு. என் கையெழுத்த வச்சுத்தான் அந்த டாக்டரு தப்பிச்சு நிக்கிறாரு. அத இன்னைக்குத்தாங்க்கா எனக்கு யாரோ பொட்டுல அடிச்ச மாதிரித் தெரிஞ்சுச்சு. ஆறு மாசமா அவரப் பழி வாங்கப் படிக்கிறேன் படிக்கிறேன்னுக்கிட்டு, அவருக்குக் காவலா இருந்தது நான்தான்.

அந்த அம்மா ஒரு வெள்ளத் தாள எடுத்துக் குடுத்தாங்க. "எங்கிட்டச் சொன்னத எழுதுங்க. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. நாலு மணிக்கு லிஸ்ட் ஒட்டுவோம், அதுக்குள்ள வாங்க. எழுத முடியலேன்னா இப்படியே வீட்டுக்குப் போங்க, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னாங்க. எழுதுனா சீட்டு உண்டான்னு கேட்டேன். கேட்டுட்டேன், வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் கேட்டேன். "அது வேற, இது வேற. அதுக்கு இப்ப நான் பதில் சொல்ல மாட்டேன்"னுட்டாங்க. நல்ல அம்மாதான். ஆனா கல்லு.

இந்தா, இதுதான் அந்தத் தாளு. பையில வச்சா கசங்கும்னு கையிலயே வச்சிருக்கேன். ஒரு மணி நேரமா உங்ககூடப் பேசிக்கிட்டிருக்கேனே, இத எழுதாம இருக்கத்தான் பேசிக்கிட்டிருக்கேன்.

என்னக்கா சொல்றீங்க? எழுதாதயா? போலீசு, கோர்ட்டுன்னு இழுத்துருவாங்க, ரெண்டு பிள்ள இருக்கு, பேசாம வீட்டுக்குப் போங்கிறீங்க. ம். உங்க பிள்ள எத்தனாவது எடம்? நாப்பத்தொண்ணா? இருக்கிறது நாப்பது சீட்டு. நான் எந்திரிச்சுப் போயிட்டா உங்க பிள்ளைக்கு வந்துரும். ஐயோ, கோவிச்சுக்காதீங்க, நான் வம்புக்குத்தான் சொன்னேன். நீங்க நெசமாவே எனக்காகத்தான் சொன்னீங்க. கொஞ்சம் உங்க பிள்ளைக்காகவும். தப்பில்ல, பெத்தவதானே. எழுதுனாலும் எனக்குச் சீட்டு இல்லாமப் போகலாம், அப்பவும் உங்க பிள்ளைக்குத்தான். எப்படிப் பாத்தாலும் நீங்க இந்தப் பெஞ்சுல நல்ல எடத்துலதான் உக்காந்திருக்கீங்க.

வீட்டுக்குப் போனா என்ன ஆகும்னு சொல்லட்டா? வேற ஆஸ்பத்திரி, வேற கோட்டு. உமா போயி ரமா. திரும்ப காலையில சார்ட்டு. இன்னொரு பிள்ள குளுருதுக்காங்கும், நான் போர்வைய இழுத்து விட்டுட்டு, கை அதுபாட்டுக்கு எழுதும். இன்னைக்குப் பாத்தேன்ல, எம்புட்டு வேகமா எழுதுதுன்னு. எனக்கு அந்தக் கையப் பாத்தாத்தான் பயமா இருக்கு, போலீசுக்கெல்லாம் இல்ல. அந்த டாக்டரு வரட்டும். படிக்காத ஆயா எழுதினதுன்னு திரும்பச் சொல்லட்டும். ஆமாடா, ஆயாதான், இந்தா எழுதியிருக்கேன் படிச்சுப் பாருன்னு சொல்றேன். பேனா இருக்கா? குடுங்க. பாத்தீங்களா, எம்புட்டு வேகமா எடுக்குறீங்க! சும்மா, சும்மா. குடுங்க.

எழுதுறேன், இருங்க. கொஞ்சம் அந்தப் பையக் குடுங்க, அடியில வச்சுக்கிறேன். 'ஐயா, அம்மா.' யாருக்குன்னு எழுத? இருக்கட்டும், அந்த அம்மா சொல்லுவாங்க. 'என் பெயர் ஒச்சம்மா. நான் நர்சு கிடையாது.'

இத எழுதிட்டேன், ஒண்ணும் ஆகல. இந்த ஒரு வரிய எழுத முடியாமத்தான் பதினோரு வருசம்.

'வனரோஜா என்பவருக்கு இரண்டாம் நாள் காலையிலும் மூன்றாம் நாள் காலையிலும் காய்ச்சல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். மிகவும் சூடாக இருந்தது. குளிர்கிறது என்று சொன்னார். டாக்டரிடம் நான் சொல்லவில்லை. டாக்டரும் தொட்டுப் பார்க்கவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடமும் நான் பொய்யாகத் தலையாட்டினேன். சார்ட்டில் இருப்பது பொய். எழுதியது நான்.' சரியா இருக்கா? படிச்சுப் பாருங்க. கையெழுத்து நல்லாருக்கும், அதுக்குத்தான் சார்ட்டு எழுத என்னைய வச்சாங்க.

அந்தா, மூணரை மணியடிக்கிறாங்க. உங்க பிள்ளையும் வந்துருச்சு பாருங்க, சிரிச்சுக்கிட்டேதான் வருது. போயித் தண்ணி குடுங்க அதுக்கு. நான் ஒரு எடம் விட்டு வச்சிருக்கேன், அத மட்டும் எழுதிட்டுப் போயிருறேன். காச்சல் எவ்வளவுன்னு போடணும்ல. நூத்தி ரெண்டா இருக்கும். நூத்தி மூணாக்கூட இருக்கும். அம்புட்டுக் கொதி. எத்தனன்னு போட?

எத்தனன்னு எனக்கு எப்படித் தெரியும்? தெர்மாமீட்டரு என் கோட்டுப் பையிலயே இருந்துச்சுக்கா. நான் எடுக்கவே இல்ல.

சரி. அதையே எழுதுறேன். 'பார்க்கவில்லை.'

இந்தாங்க உங்க பேனா. கொஞ்சம் வழி விடுங்க, நான் உள்ள போகணும்.